மதிப்பெண்ணுக்கு முன் மாதத்தைப் பாருங்கள்

எந்த ஃபீச்சரை முதலில் செய்வது என்ற கேள்வி எழுந்தால் நம்மில் பலர் ரைஸ் அட்டவணையைத் திறக்கிறோம். எத்தனை பேரைத் தொடும், எவ்வளவு பயன், மதிப்பீட்டில் எவ்வளவு உறுதி ஆகிய மூன்றையும் பெருக்கி உழைப்பால் வகுக்கும் இந்த முறையை இன்டர்காம் நிறுவனம் பரப்பியது. குரல் உயர்ந்தவர் ஜெயிக்கும் கூட்டங்களுக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் இந்தக் கணக்கில் காலண்டர் இல்லை.

2018இல் தமிழக அரசு வெளியிட்ட உழவன் செயலியில் சந்தை விலையும் பயிர்க் காப்பீடும் சேர்ந்தே இருக்கின்றன. அதுபோன்ற ஒரு செயலியை விளாத்திகுளம் கரிசல் நிலத்து மானாவாரி விவசாயிகளுக்காக நாம் புதிதாகச் செய்வதாக வைத்துக்கொள்வோம். விலைப் பட்டியல்: 6,000 பேர், பயன் 1, உறுதி 80 சதவீதம், உழைப்பு 2 ஆள்மாதம்; மதிப்பெண் 2,400. காப்பீட்டுக் கெடு நினைவூட்டல்: 2,000 பேர், பயன் 2, அதே உறுதி, அதே உழைப்பு, மதிப்பெண் 1,600. விலைப் பட்டியல் முந்துகிறது. கையில் ஒரே டெவலப்பர். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கினால் பட்டியல் அக்டோபர் இறுதியிலும் நினைவூட்டல் டிசம்பர் இறுதியிலும் வரும். உளுந்து, பாசிப்பயறுக்கான காப்பீட்டுப் பதிவோ பெரும்பாலும் நவம்பரிலேயே முடிந்துவிடும். அதன்பின் வரும் நினைவூட்டலால் அந்த ஆண்டு யாருக்கும் பயனில்லை. விளைச்சல் சந்தைக்கு வருவது தை வாக்கில்தான் என்பதால் விலைப் பட்டியல் காத்திருக்கலாம்.

கரிசல் விவசாயிக்கு இது தெரிந்த கணக்கு. வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் மண் பிசுபிசுத்து ஏர் இறங்காது; ஆகவே புழுதியிலேயே விதைத்துவிடுகிறார்கள். கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் இந்த முன்பருவ விதைப்பைப் பரிந்துரைக்கிறது. காலம் தவறினால் வரும் இந்த இழப்பையே நம் துறையில் தாமதத்தின் விலை என்கிறோம். தயாரிப்பு உருவாக்கம் பற்றி எழுதும் டொனால்ட் ரெய்னர்ட்சன் 2009இல் வெளியான தம் நூலில் வலியுறுத்தியது இதைத்தான்.

ஆகவே, அட்டவணையில் இரண்டு கட்டங்களைச் சேருங்கள்: கடைசி நாள் எது, அது தவறினால் பயனாளர் எதை இழப்பார். இரண்டாவது கட்டம் முக்கியம். விற்பனைப் பிரிவு வாக்குக் கொடுத்துவிட்ட தேதியும், நிர்வாகம் விழாவுக்குக் குறித்த தேதியும் கெடு என்ற பெயரில் உள்ளே நுழையப் பார்க்கும். தவறினால் நமக்குச் சங்கடம் மட்டுமே என்றால் அது கெடு அல்ல. அந்த ஃபீச்சர் ரைஸ் வரிசையிலேயே நிற்கட்டும். பயனாளரின் பருவமே போய்விடும் என்றால், மதிப்பெண் குறைவானாலும் அதையே முதலில் எடுங்கள்.