வட அயர்லாந்து: எதிரெதிர்க் கட்சிகளை ஒருசேர எதிர்க்க வைத்த சட்டம்

வட அயர்லாந்தில் சின் ஃபெயினும் ஜனநாயக ஒன்றியவாதக் கட்சியும் ஒரே பக்கம் நிற்பது அரிது. மோதல்காலக் கொலை வழக்குகளை முடித்துவைக்க பிரிட்டன் 2023 செப்டம்பரில் இயற்றிய சட்டம் அதைச் சாத்தியமாக்கியது.

1960-களின் பிற்பகுதி முதல் 1998-ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி ஒப்பந்தம் வரை நீடித்த மோதலில் 3,500-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விசாரணை ஆணையத்திடம் உண்மையைக் கூறுவோருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்க அன்றைய கன்சர்வேடிவ் அரசு முடிவு செய்தது. முதிய வயதில் நீதிமன்றம் ஏறும் முன்னாள் ராணுவத்தினரைக் காக்கவே இந்த ஏற்பாடு என்று கூறப்பட்டது. ஆனால், குண்டுவைத்த ஆயுதக் குழுவினருக்கும் அதே விலக்கு கிடைக்கும். ஒன்றியவாதிகள் சினமுற்றது இதனால்தான். ராணுவத்தால் சுடப்பட்டோரின் குடும்பங்களுக்கோ முதல் காரணமே போதுமானதாக இருந்தது.

1998 ஒப்பந்தத்தின்படி, இக்குற்றங்களுக்குத் தண்டனை பெறுவோர் இரண்டு ஆண்டுகளில் விடுதலையாக முடியும். எனவே, சிறைத்தண்டனையைக் காட்டிலும் உண்மையே இங்கு பெரிய கேள்வி. அந்த வகையில், விலக்கைவிடக் கடுமையாகத் தாக்கியது, முடிவடையாத மரண விசாரணைகளை 2024 மே 1-ஆம் தேதி முதல் நிறுத்திய பிரிவாகும்.

இத்தகைய விசாரணையின் மதிப்புக்கு மேற்கு பெல்ஃபாஸ்டின் பாலிமர்ஃபி ஒரு சான்று. 1971 ஆகஸ்டில் அங்கு 10 பேர் கொல்லப்பட்டனர். அனைவரும் முற்றிலும் நிரபராதிகள் என்று ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்குப் பிறகு, 2021 மே மாதம் மரண விசாரணை தீர்மானித்தது. ஒன்பது பேர் மீது ராணுவம் பிரயோகித்த பலம் நியாயமற்றது என்றும் அது கூறியது. அடுத்த இரண்டே மாதங்களில், இதுபோன்ற விசாரணைகளுக்கு முற்றுப்புள்ளி வைக்கும் திட்டத்தை லண்டன் வெளியிட்டது.

விலக்கு, ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கைக்கு முரணானது என்று 2024 பிப்ரவரியில் பெல்ஃபாஸ்ட் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்னரே அயர்லாந்து அரசு, ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள மனித உரிமை நீதிமன்றத்தில் பிரிட்டனுக்கு எதிராக வழக்குத் தொடுத்திருந்தது. நட்பு நாடுகளிடையே இது எளிதில் எடுக்கப்படும் நடவடிக்கை அல்ல.

தொழிற்கட்சி அரசு 2025 அக்டோபரில் மாற்று மசோதாவை அறிமுகப்படுத்தியது. அதன்படி விலக்கு இல்லை. நின்றுபோன மரண விசாரணைகள் சில மீண்டும் தொடங்கும். இப்போது எதிர்ப்பு முன்னாள் ராணுவத்தினரிடமிருந்து எழுகிறது. தங்களுக்கான பாதுகாப்பைப் பறிக்கக் கூடாது என்ற மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தனர். நேரில் வராமல் சாட்சியம் அளிக்கும் உரிமை போன்ற சலுகைகள் அவர்களைச் சமாதானப்படுத்தவில்லை.

குடும்பங்களின் கவனமோ வேறொன்றில் உள்ளது. ரகசிய ஆவணங்களை வெளியிடாமல் தடுக்க அமைச்சருக்கு இருந்த அதிகாரத்தை 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் குறைகூறியது. அந்த அதிகாரம் எந்த அளவுக்குக் குறைக்கப்படும் என்பதையே அவர்கள் உற்றுநோக்குகின்றனர்.