அறிவியல் அரங்கு: உந்தமும் மோதலும்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இயற்பியலில் இடறும் இடங்களுள் உந்தம் என்னும் பாடமும் ஒன்று. குண்டலுபேட்டையில் வாழும் நம் குடும்பங்களுக்கோ இதில் இடர் ஒன்று கூடுதலாக உண்டு. கன்னடப் பள்ளியில் பயிலும் பிள்ளை 'சம்வேக' என்று படித்து வருகின்றது. ஆங்கிலப் பள்ளிப் பிள்ளை 'மொமென்டம்' என்கின்றது. தமிழ்நாட்டில் பள்ளியிறுதி வரை படித்து இங்கு வந்த தந்தையோ 'உந்தம்' என்றால்தான் அறிவார். பெயர் மூன்றானதால் பொருள் மூன்றாகிவிடாது. ஒரு பொருளின் நிறையை அதன் வேகத்தால் பெருக்கினால் வருவதே உந்தம். இவ்வாய்பாட்டைப் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடுவர். இது எதற்கு என்பதைத்தான் வகுப்பில் பலர் கேட்காமலே விட்டுவிடுகின்றனர்.

இதனை விளக்க நம் ஊர்ச் சாலையே போதும். மைசூரிலிருந்து வரும் நெடுஞ்சாலை இங்குதான் இரண்டாகப் பிரிந்து, ஒன்று சுல்தான்பத்தேரிக்கும் மற்றொன்று பந்திப்பூர் வழியே உதகைக்கும் செல்கின்றது. இரு சாலைகளும் காட்டை ஊடறுத்தே செல்கின்றன. சரக்கோடு 16 டன் நிறையுள்ள லாரி ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றது. 4 டன் யானை ஒன்று சாலை நடுவே நிற்கின்றது எனக் கொள்வோம். மோதியபின் இரண்டும் சேர்ந்தே நகர்வதாக வைத்துக் கணக்கிடுங்கள். மோதலுக்கு முன்னிருந்த உந்தம் முழுவதும் இப்பொழுது 20 டன்னுக்கும் பங்காக வேண்டும். 16-ஐ 60-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 48. லாரி இழந்தது 12 கிலோமீட்டர் வேகமே. யானையோ நின்ற நிலையிலிருந்து நொடிப்பொழுதில் 48 கிலோமீட்டர் வேகத்துக்கு வீசப்படுகின்றது.

லாரிக்குப் பதிலாக ஒரு டன் நிறையுள்ள சிறு கார் வந்து மோதியதாகக் கொண்டால் விடை 12 ஆகும். இங்கு 48 கிலோமீட்டர் வேகத்தை ஒரே அடியில் இழப்பது காரும் அதில் அமர்ந்திருக்கும் குடும்பமும். அறுபது கிலோ புள்ளிமான் ஒன்று லாரியின் முன் வந்தாலோ, லாரியின் வேகம் கால் கிலோமீட்டர் கூடக் குறையாது. மானை மோதியது தெரியவே இல்லை என்று ஓட்டுநர் ஒருவர் கூறினால், அதனைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது.

இவ்விரு சாலைகளிலும் இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை போக்குவரத்து 2009-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் நோயாளர் ஊர்திகளுக்குமே விலக்கு உண்டு. லாரித் தொழிலில் உள்ள நம் அன்பர்கள் இத்தடையை நொந்துகொள்வதை நாம் அறிவோம். காய்கறியும் வாழைத்தாரும் ஓர் இரவு தேங்கினால் நட்டம் யாருக்கு என்பது தெரிந்ததே. எனினும் ஒரு கணக்கைப் பார்த்துவிட்டு வழக்காடுவது நன்று. தடையை மிதித்தபின் ஒவ்வொரு நொடியும் 18 கிலோமீட்டர் வேகம் குறைவதாகவும், கண்டு காலை வைக்க ஒரு நொடி கழிவதாகவும் கொண்டால், 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஏறத்தாழ 23 மீட்டரில் நிற்கும். 80-இல் வருவது 71 மீட்டர் கடந்தே நிற்கும். வேகம் இரட்டித்தால் உந்தமும் இரட்டிக்கின்றது; தடையிட்டபின் ஓடும் தொலைவோ நான்கு மடங்காகின்றது. இருளில் விளக்கொளி அவ்வளவு தொலைவு எட்டாவிடில், ஓட்டுநர் எத்துணைத் திறமை வாய்ந்தவராயினும் பயனில்லை.

உந்தத்திற்குத் திசை உண்டு என்பது அடுத்த இடறல். இதில் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வேண்டா. 1644-இல் நூல் எழுதிய தேக்கார்ட் என்னும் பேரறிஞரே திசையைக் கணக்கில் கொள்ளாமல் மோதல் விதிகளை வகுத்தார். அவற்றுள் பல பிழையாயின. 1668-இல் இலண்டன் அரச கழகம் இவ்விதிகளைக் கேட்டபொழுது வாலிஸ், ரென், ஹைகன்ஸ் ஆகிய மூவர் விடை அனுப்பினர். எதிர்த்திசையில் செல்வதைக் கழித்தற்குறியோடு சேர்க்க வேண்டும் என்பது அதன்பின் நிலைபெற்றது. நேருக்கு நேர் ஒரே வேகத்தில் வரும் இரு சம நிறை லாரிகளின் மொத்த உந்தம் சுழி. ஆகவே அவை மோதி ஒட்டிக்கொண்டால் அங்கேயே நின்றுவிடுகின்றன. உந்தம் சுழியென்பதால் சேதமும் சுழியாகுமோ?

இவ்வினாவுக்கு விடை ரயில் யார்டில் உண்டு. நம் ஊருக்கு இருப்புப்பாதை இல்லை. மைசூர்ப் பாதை சாமராஜநகரத்தோடு நின்றுவிடுகின்றது. ரயில்வே எழுத்தனாகிய எனக்கு அது ஒரு மனக்குறையே! ஷண்டிங்கின்போது, 80 டன் வாகன் ஒன்று மணிக்கு 10 கிலோமீட்டரில் உருண்டு வந்து, நின்றிருக்கும் மற்றொரு 80 டன் வாகனோடு இணைகின்றது. இரண்டும் சேர்ந்து 5 கிலோமீட்டரில் நகர்கின்றன. உந்தம் அப்படியே இருக்கின்றது. இயக்க ஆற்றலில் சரிபாதி காணாமற் போகின்றது. நாம் கேட்கும் 'டணார்' ஓசையும், இணைப்பியின் அதிர்வு தாங்கும் பகுதியில் எழும் வெப்பமுமே அப்பாதி. ஷண்டிங் வேகம் பொதுவாக 15 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்பது விதி. 5-இல் வருவதைக் காட்டிலும் 15-இல் வரும் வாகனுக்கு உந்தம் மும்மடங்கு. பாழ்படுத்தும் ஆற்றலோ ஒன்பது மடங்கு. வாகனில் இருப்பது சிமெண்டு மூட்டையாயினும் கண்ணாடியாயினும் கணக்கு ஒன்றே.

வீட்டில் செய்து பார்க்க ஐந்து கோலிகள் போதும். பள்ளமுள்ள ஓர் அளவுகோலில் மூன்றை ஒட்டி வைத்து, இரண்டைச் சேர்த்து உருட்டிவிடுங்கள். மறுமுனையில் இரண்டு கோலிகள் ஓடும். ஒன்றே இரட்டை வேகத்தில் ஓடினால் என்ன என்று பிள்ளை கேட்குமாயின், மகிழ்ந்து விடை கூறுங்கள். உந்தக் கணக்கு அதற்கும் சரியாகவே வரும். ஆனால் வேகத்தின் வர்க்கத்தைக் கூட்டிப் பாருங்கள்: உருட்டியபோது ஒன்றும் ஒன்றும் இரண்டு, ஓடும்போது இரண்டின் வர்க்கம் நான்கு. இல்லாத ஆற்றலைக் கோலி எங்கிருந்து கடன் வாங்கும்? பின்னர்க் கோலிகளுக்கிடையே சிறிது பிசைந்த மாவை வைத்து மீண்டும் உருட்டச் சொல்லுங்கள். இம்முறை எத்தனை கோலிகள் ஓடுகின்றன என்பதைப் பிள்ளையே எழுதி வைக்கட்டும்.