ஓடுகின்ற படிமம் யாவும் சரியான படிமம் அன்று

பழைய வீடியோ விளையாட்டு ஒன்றின் குறுந்தட்டைக் கோப்பு கோப்பாகப் பிரித்து, அதிலுள்ள சொற்களையோ படங்களையோ மாற்றி, மீண்டும் ஒரே வட்டாகக் கட்டிக் கணிப்பொறியில் ஓட்டிப் பார்க்கும் ஆர்வம் மாணவர் சிலரிடம் காணப்படுகிறது. இதனை வீண் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் ஆசிரியர்களும் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஆனால், இம்முயற்சி தவறிப் போகும்போது பிழையைத் தேடும் முறை பெரும்பாலும் விஞ்ஞான முறையாக அமைவதில்லை. ஓர் எமுலேட்டரில் ஓடாத படிமத்தை வேறொன்றில் இட்டுப் பார்ப்பதும், அங்கு ஓடிவிட்டால் வேலை முடிந்தது என்று மகிழ்வதும் சோதனை ஆகா. இக்கருத்தை வற்புறுத்தவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

எமுலேட்டர் என்பது ஒரு கருவியின் நடத்தையை மற்றொரு கருவியில் போலச் செய்து காட்டும் நிரலாகும். வட்டுப் படிமம் என்பது குறுந்தட்டிலுள்ள செய்தி முழுவதையும் வரிசை குலையாமல் எடுத்துவைத்த நகலாகும். எடுத்துக்காட்டாக, 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த சோனி பிளேஸ்டேஷன் கருவியின் விளையாட்டுகளைக் கொள்வோம்.

இக்குறுந்தட்டின் செய்தி, செக்டர் எனப்படும் சம அளவுள்ள பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு செக்டரில் 2352 பைட்டுகள் உள்ளன. அவற்றுள் முதல் 12 செக்டரின் தொடக்கத்தைக் காட்டும். அடுத்த 4 அதன் முகவரியும் வகையும். பின்வரும் 8 துணைக் குறிப்பு. முதல் வடிவச் செக்டரில் இவற்றிற்குப் பின் 2048 பைட்டுகள் பயன்படு செய்தியும், 4 பைட்டுகள் பிழை அறியும் எண்ணும், 276 பைட்டுகள் பிழை திருத்தும் எண்களும் நிற்கின்றன. இத்திருத்தும் எண்கள் ரீட், சாலமன் என்னும் இருவர் 1960இல் வெளியிட்ட கணித முறையைச் சார்ந்தவை. இரண்டாம் வடிவச் செக்டரிலோ திருத்தும் எண்கள் இல்லை. அவ்விடத்தையும் சேர்த்து 2324 பைட்டுகள் செய்திக்கே ஒதுக்கப்படுகின்றன. இடைவிடாது ஒலிக்க வேண்டிய பேச்சும் இசையும் பெரும்பாலும் இவ்வடிவிலேயே பதியப்பட்டுள்ளன.

இந்த அமைப்பை அறிந்தவருக்குப் பிழைகளின் காரணம் தானே விளங்கும். எல்லாச் செக்டர்களிலிருந்தும் 2048 பைட்டுகளை மட்டும் எடுக்கும் நிரலைக் கொண்டு வட்டைப் பிரித்தால், இரண்டாம் வடிவச் செக்டர் ஒவ்வொன்றிலும் 276 பைட்டுகள் இழக்கப்படும். விளையாட்டு தொடங்கும், எழுத்துகள் தோன்றும், ஆனால் பேச்சு வரும் இடத்தில் இரைச்சலோ மௌனமோ எஞ்சும்.

மற்றொரு காரணம் இடப்பெயர்ச்சி. ஜப்பானியச் சொற்றொடரை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது அதன் நீளம் பெரும்பாலும் கூடுகிறது. 2048 பைட்டுகள் கொண்டிருந்த கோப்பு 2049 ஆயிற்று என்று கொள்வோம். ஒரே ஒரு பைட்டுக்காக மேலும் ஒரு செக்டர் தேவைப்படுகிறது. அதற்குப் பின்னுள்ள கோப்புகள் அனைத்தும் ஓரிடம் தள்ளிப் போகின்றன. 1988இல் வகுக்கப்பட்ட ஐ.எஸ்.ஓ. 9660 என்னும் நியமத்தின்படி, ஒவ்வொரு கோப்பும் எந்தச் செக்டரில் தொடங்குகிறது என்பது வட்டின் அடைவில் குறிக்கப்படுகிறது. வட்டைக் கட்டும் நிரல் இந்த அடைவைத் திருத்திவிடும். ஆனால் சில விளையாட்டுகள் அடைவைப் பார்ப்பதே இல்லை. செக்டர் எண்களைத் தமக்குள்ளேயே ஒரு பட்டியலாக வைத்துள்ளன. அப்பட்டியல் திருத்தப்படாமல் நிற்பதால், விளையாட்டு பழைய இடத்தையே நாடிச் சென்று வேறொன்றைப் படித்துத் திகைத்து நிற்கிறது.

தட்டில் இசைத் தடங்கள் தனியே இருப்பின், அவற்றின் தொடக்கத்தைக் கூறும் கியூ கோப்பையும் பார்க்க வேண்டும். அதில் நேரம் நிமிடம், நொடி, நொடியில் 75இல் ஒரு பங்கு என்று குறிக்கப்படும். எல்லாத் தடங்களும் ஒரே கோப்பில் இருக்கையில், செய்தித் தடம் நீண்டும் இக்குறிப்பு மாறாதிருந்தால், இசை தவறான இடத்தில் தொடங்கும்.

இனி, பிழையைத் தேடுவது எங்ஙனம்? நம் கருத்தில் முதற்படி ஒன்றே. அதனையே பலரும் தவிர்க்கின்றனர். எதனையும் மாற்றாமல் மூல வட்டைப் பிரித்து, அப்படியே மீளக் கட்ட வேண்டும். அவ்வாறு கட்டிய படிமம் ஓடாவிடில், குற்றம் மாணவர் செய்த மாற்றத்தில் இல்லை. பிரிக்கும் முறையிலோ கட்டும் முறையிலோ உள்ளது. ஓடினால், அதனை மூலத்தோடு பைட்டு பைட்டாக ஒப்பிட வேண்டும். வேறுபாடு இருக்கலாம், கட்டிய நாள் குறிக்கப்பட்டிருப்பதும் ஒரு வேறுபாடே. ஆனால் ஒவ்வொரு வேறுபாட்டிற்கும் காரணம் சொல்ல இயல வேண்டும். அதன்பின் ஒரு வேளைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்து, ஒவ்வொன்றிற்கும் குறிப்பு எழுதிவர வேண்டும். உரம் இட்ட வயலை உரமிடாத வயலோடு ஒப்பிடும் களப்பணியாளருக்கு இம்முறை புதியதன்று.

“எமுலேட்டரில் ஓடினால் போதாதா? உண்மைக் கருவியில் யார் ஓட்டப் போகிறார்?” என்று கேட்கலாம். எமுலேட்டர் பல குறைகளைப் பொறுத்துக்கொள்ளும் இயல்புடையது. செய்தியை மாற்றிவிட்டுத் திருத்தும் எண்களைப் புதுப்பிக்காவிடினும், அது பெரும்பாலும் கவனிப்பதில்லை. அப்படிமத்தை அவ்வாறே தட்டில் பதித்து உண்மைக் கருவியில் இட்டாலோ, மாற்றத்தைக் கீறலால் விளைந்த பிழை என்று கொண்டு, பழைய எழுத்தையே மீட்டுத் தரவும் கூடும். தொடக்கக் காட்சியைத் தாண்டிச் செல்லும் வசதியுள்ள எமுலேட்டர், வட்டின் முதற்பகுதியிலுள்ள உரிமக் குறிப்பு விடுபட்டதைக் காட்டாமலே போகலாம். இன்று பொறுத்துக்கொள்ளும் நிரல், நாளை செம்மைப்படும்போது பொறுக்காது. மேலும், முதற்காட்சி ஓடியது என்பது இருபது மணி நேரம் கழித்து வரும் காட்சிக்குச் சான்று அன்று. பல மாதம் உழைத்து மொழிபெயர்த்தவரின் முயற்சி அங்கே முறிந்து போவது வருந்தத்தக்கது.

மூலப் படிமத்தின் மீது ஒருபோதும் கை வைத்தல் கூடாது. நகலின்மீதே வேலை செய்தல் வேண்டும். அம்மூலமும் தமக்கு முறையாக உரிமையுள்ள தட்டிலிருந்து எடுத்ததாக இருத்தல் வேண்டும்; பிறருக்குப் படி எடுத்து வழங்குவது பதிப்புரிமைச் சட்டத்திற்கு மாறானது. இதனை மாணவரிடம் தயக்கமின்றிக் கூறுவது ஆசிரியரின் கடமை.

பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பாடங்களும் பதிவேடுகளும் கொண்ட பழைய குறுந்தட்டுகள் இருக்குமாயின், அவற்றையும் கெடுமுன் நகலெடுக்க வேண்டிவரும். ஐ.எஸ்.ஓ. 9660 நியமம் அவற்றிற்கும் பொது. அப்போது “திறந்து பார்த்தேன், சரியாக இருந்தது” என்பவரைவிட, “மூலத்தோடு ஒப்பிட்டேன், வேறுபாடு இல்லை” என்று கூறக்கூடியவரே நமக்குத் தேவை. அத்தகையோரை விளையாட்டின் வாயிலாகப் பயிற்றுவிக்க முடியுமெனில், ஆசிரியர்கள் அவ்வாய்ப்பை நழுவ விடலாகாது.