மண்ணின் கடனைத் தொழிலாளியின் பேரில் எழுதாதீர்!



குச்சவெளிப் பக்கத்துக் காடுகளில் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கின்றன. அவற்றுக்கு யாரும் உரம் போட்டதில்லை. அதே பிரதேசத்தின் புல்மோட்டைக் கடற்கரை மணலில் தைத்தானியம் நிறைந்த இல்மனைற்று கிடைக்கிறது. ஆனால் மண்ணில் இருப்பதெல்லாம் மரத்துக்கு உணவாகாது. வேர் உறிஞ்சும் கல்சியம், மக்னீசியம், பொற்றாசியம் எல்லாம் இலைக்குப் போகின்றன. இலை உதிர்ந்து மக்கி, எடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கிறது. காட்டின் கணக்கு அவ்வளவுதான்.

தேயிலை மலையில் இந்தக் கணக்கு நடப்பதில்லை. கொழுந்து கூடையில் ஏறி ஆலைக்குப் போகிறது. ஆயிரம் கிலோ தேயிலைத் தூளோடு ஏறக்குறைய 40 கிலோ நைதரசன் தோட்டத்தை விட்டுப் போகிறது. போனதைத் திருப்பிப் போடாவிட்டால் மண் ஒட்டிப்போகும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீங்கியது. அந்த ஆண்டு சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக விழுந்தது.

"செடி பச்சையாகத்தானே நிற்கிறது?" என்று நிர்வாகம் கேட்கலாம். தேயிலை புளிப்பு மண்ணைத் தாங்கும் செடி. மலைநாட்டுக் காட்டில் சிங்களவர் 'பொம்பு' என்று அழைக்கும் மரத்தைப் போல, அதுவும் அலுமினியத்தை முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைத்துக்கொள்ளும். மற்றப் பல பயிர்களின் வேரோ புளிப்பு மண்ணின் அலுமினியத்தால் வளர்ச்சி குன்றும். ஆகவே செடி உயிரோடு நிற்பதை வைத்து மண் நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

மண் மெலிந்தால் கொழுந்து குறையும். ஆனால் நிறுவைத் தராசு மண்ணைக் கேள்வி கேட்பதில்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர் விழுவது கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு. உரம் போடாமல் மிச்சம் பிடித்தவர் ஒருவர், சம்பளம் இழப்பவர் இன்னொருவர். இது என்ன நியாயம்?

நாம் கேட்க வேண்டியவை மூன்று. மண் பரிசோதனை முடிவைத் தோட்டக் கமிட்டிக்கும் காட்ட வேண்டும். கவ்வாத்துக் குச்சியையும் நிழல்மரத் தழையையும் மலையிலேயே மக்க விட்டு, தேவையான உரமும் டொலமைட்டும் நேரத்துக்குப் போட வேண்டும். உரம் போடாத மலைக்குக் கிலோ அளவைக் குறைக்க வேண்டும்.

அடுத்த தலைவர்மார் கூட்டத்தில் சம்பளத்தோடு மண்ணையும் பேசுவோம்.