பழைய காருக்கு செலவு பண்ணலாமா, மாத்திடலாமா?

1/ "டாக்டர், நம்ம வண்டி 2010 மாருதி 800. வேலைக்கு 45 ஆயிரம் ஆகும்ங்கறார் மெக்கானிக். வித்தாலே அவ்வளவுதான் வரும். செலவு பண்றது முட்டாள்தனம்தானே?" கும்பகோணம், மன்னார்குடி பக்கம் நிறைய வீட்ல ஓடுற விவாதம் இது. என் கருத்தைச் சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க மக்களே.

2/ முதல்ல பயத்தைப் போக்கிடுவோம். "15 வருஷம் ஆனா வண்டியை உடைச்சிடணும்"னு வாட்ஸ்அப்ல சுத்துறது, டெல்லி சுற்றுவட்டாரத்து பெட்ரோல் வண்டிகளுக்கு வந்த உத்தரவை வச்சு. நம்ம ஊர்ல சொந்த உபயோக வண்டின்னா, தகுதிச் சோதனையில தேறினா ஆர்.சி.யை இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். ஆனா 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல இருந்து 5,000. பசுமை வரி தனி.

3/ அடுத்து கணக்கு. ரிப்பேர் செலவை வண்டியோட விலையோட ஒப்பிடாதீங்க. அது விக்கிறவருக்கான கணக்கு. ஓட்டப்போறவர் ஒப்பிட வேண்டியது புது வண்டியோட வருஷச் செலவை.

4/ 7 லட்சம் கடன், 9.5% வட்டி, 7 வருஷம்னு வைங்க. மாசத் தவணை சுமார் 11,400 ரூபாய். வட்டி மட்டுமே இரண்டரை லட்சத்தைத் தாண்டும். நீங்க பயப்படுற அந்த 45 ஆயிரம், நாலு மாசத் தவணை. அந்த வேலை ரெண்டு வருஷம் தாங்கினாலே பழசுதான் லாபம். குறுவை, சம்பாவை நம்பி இருக்குற குடும்பத்துக்கு மாசாமாசம் தவணைங்கறது சின்ன விஷயம் இல்லை.

5/ அதனால கிளட்ச், பேட்டரி, சஸ்பென்ஷன், ரேடியேட்டர் எல்லாம் தாராளமா மாத்துங்க. அறுப்பு முடிஞ்சதும் எலி வந்து வயரைக் கடிச்சு வைக்கிறது நம்ம டெல்டாவுக்கே உரிய தொல்லை. அதுக்காக யாரும் காரை மாத்த வேண்டாம். 800 உற்பத்தி 2014 ஜனவரியோட நின்னாலும், அதைப் பிரிச்சு மாட்டத் தெரியாத மெக்கானிக் நம்ம பக்கம் இல்லை.

6/ ஆனா துரு வேற கதை. வேதாரண்யம், நாகை பக்கம் உப்புக்காத்து. உள்ள வந்தா ஐப்பசி, கார்த்திகையில தேங்குற தண்ணி. வண்டியை லிஃப்ட்ல ஏத்தி அடியில பாருங்க. தரைத்தகடும், சீட் பெல்ட் மாட்டியிருக்குற இடமும் அரிச்சிருந்தா, மேல பட்டி பார்த்து பெயின்ட் அடிக்கிறது புரையோடின புண்ணுக்கு மேல பிளாஸ்திரி போடுற மாதிரி. அந்த வண்டிக்கு விடை கொடுங்க.

7/ இப்போ டாக்டரா பேசுறேன். எந்த மெக்கானிக்காலும் பழைய வண்டியில சேர்க்க முடியாத விஷயங்கள் உண்டு. ஏ.பி.எஸ் எல்லா கார்லயும் கட்டாயமானது 2019 ஏப்ரல்ல. டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையில. பக்கத்து சீட்டுக்கு ஏர்பேக் 2022 தொடக்கத்துல இருந்துதான். 800-ல ஏர்பேக்கே கிடையாது. இன்ஜின் எவ்வளவு நல்லா இருந்தாலும், மோதுற நொடியில ஸ்டீயரிங்குக்கும் நெஞ்சுக்கும் நடுவுல பெல்ட் மட்டும்தான்.

8/ அதனால முடிவு பண்ண வேண்டியது வண்டியோட வயசை வச்சு இல்லை, அது ஓடுற ரோட்டை வச்சு. கடைத்தெரு, வயல், கோயில், ரைஸ் மில்லுன்னு 40 வேகத்துல போற வண்டியா? ரிப்பேர் பண்ணுங்க. வாராவாரம் குடும்பத்தோட தஞ்சாவூர்-திருச்சி நாலு வழிச்சாலையில 80, 90-ல போற வண்டியா? இன்ஜின் நல்லா இருந்தாலும் மாத்துங்க.

9/ மாத்துறதுன்னா ஷோரூம்தான் போகணும்னு இல்லை. 2022 அல்லது அதுக்கு அப்புறம் தயாரான செகண்ட் ஹேண்ட் சின்ன காரே போதும். ரெண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ் இருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி மோதின வண்டியா, வெள்ளத்துல நின்ன வண்டியான்னு தெரிஞ்ச மெக்கானிக்கை வச்சுப் பாருங்க.

10/ "ராத்திரி அவசரம்னா ஆஸ்பத்திரிக்குப் போக புது வண்டி வேணுமே"ங்கறதுக்காக மட்டும் கடன் வாங்காதீங்க. வேதாரண்யத்துல இருந்து தஞ்சாவூர் 100 கிலோமீட்டருக்கு மேல. நெஞ்சுவலிக்காரரைப் பின் சீட்டுல படுக்க வச்சு ஓட்டுறதை விட 108-ஐக் கூப்பிடுறதுதான் நல்லது.

11/ கடைசியா ஒண்ணு. பழசோ புதுசோ, பின் சீட்டுல இருக்குறவங்களும் பெல்ட் போடுங்க. பெல்ட் போடாதவருக்கு ஏர்பேக்கே காயம் உண்டாக்கலாம். குழந்தையை மடியில வச்சு முன் சீட்டுல உட்காராதீங்க. இதுக்கு ஒரு ரூபா செலவு இல்லை.