பாவித்த விமானமும் மலிவு விலையும்

பாவித்த வேன் வாங்கப் போனால் நம் ஆட்கள் முதலில் பார்ப்பது இன்ஜினைத்தான். பாவித்த விமானம் என்றால் மட்டும் விலையைக் கேட்டுவிட்டு, "அட, இவ்வளவு மலிவா?" என்கிறோம்.

கம்பனிப் பயணங்களுக்குப் பெயர்போன இரட்டை இன்ஜின் டர்போபுரொப் விமானம் பீச்கிராஃப்ட் கிங் ஏர். 1964 முதல் பாவனையில் இருக்கிறது. சிறிய ஓடுபாதையிலும் இறங்கும். அதை வீண் ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே நாளில் மூன்று ஊர்களில் வேலை முடிக்க வேண்டியவருக்கு அது ஒரு தொழில் வாகனம்.

ஆனால் மலிவு என்ற சொல்லில் கவனம் உறவுகளே. கிங் ஏரில் உள்ள பிடி6 இன்ஜினை வழக்கமாக 3,600 மணித்தியாலப் பறப்புக்கு ஒருமுறை முழுதாகக் கழற்றிப் புதுப்பிக்க வேண்டும். இன்ஜின் இரண்டு என்பதால் செலவும் இரண்டு மடங்கு. கடைசியாகப் புதுப்பித்த பின் 3,400 மணித்தியாலம் பறந்த விமானத்தை ஒருவர் விலை குறைத்துத் தருகிறார் என்றால், தான் கட்ட வேண்டிய பில்லை உங்கள் தலையில் கட்டுகிறார் என்றே அர்த்தம்.

அந்தப் பில்லுக்குத் தொழிலின் கைமுதலை எடுத்தால், மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் ஊழியர்களின் அடுப்பில்தான் முதலில் கை வைக்கிறோம்.

ஆகவே, பராமரிப்புப் பதிவேடு முழுமையாக இல்லாத விமானத்தை வாங்கவே கூடாது. விற்பவரோடு தொடர்பில்லாத பொறியியலாளரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும். வருடத்தில் சில நாட்கள் மட்டும் பறப்பவர் வாடகைக்கு எடுப்பதே புத்தி.

வேனோ விமானமோ, ஓடப்போகும் செலவைக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.