கழற்ற முடியாத செயின் கவர்

புதுக்கோட்டை என்றதும் சைக்கிள் ஞாபகம் வரவேண்டும். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார். கல்குவாரிப் பெண்கள்கூட சைக்கிள் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். செயின் கழன்றால் தானே மாட்டிக்கொள்ளலாம். அதற்காகக் கம்பெனிக்கு மனு போடவேண்டியதில்லை. சைக்கிள் தந்த சுதந்திரத்தில் பாதி அதுதான்.

அதே 1991-ல்தான் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். அடுத்த வருஷம் அது ஜி.பி.எல். உரிமத்துக்கு மாறியது. அதன் சாரம்: எடுத்துக்கோ, மாத்திக்கோ, வித்துக்கோ. ஆனால் உன்னிடம் வாங்குகிறவருக்கு மூலநிரலையும் கொடு.

கொடுக்கிறார்களா?

அறந்தாங்கி பக்கம் ஒரு கல்லூரி மாணவி, வயலின் ஈரத்தைப் பார்த்துத் தானாக மோட்டார் போடும் கருவி செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அகல கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை மலிவாக வாங்குகிறார். டப்பாவில் ‘லினக்ஸ் ஓடும்’ என்று போட்டிருக்கிறது. ஓடுகிறது, கம்பெனி ஏற்றித் தந்த அரதப்பழசான லினக்ஸ். புதுசை ஏற்றினால் திரை கறுப்பு!

ஏன்? கரண்ட் வந்ததும் சிப்புக்குள் இருக்கும் குட்டி நிரல் முதலில் விழிக்கிறது. அது பூட்லோடரை எழுப்புகிறது. மெமரியைத் தயார் செய்யவேண்டும். பிறகு எந்தச் சாதனம் எந்தக் காலில் இருக்கிறது என்ற பட்டியலோடு லினக்ஸ் கிளம்பவேண்டும். அந்தப் பட்டியலுக்கு ‘டிவைஸ் ட்ரீ’ என்று பெயர். மெமரி நிரலும் பட்டியலும் கம்பெனியின் அலமாரியில் பூட்டிக்கிடந்தால் நம் மாணவி என்ன செய்வார்? ஊர் உலகம் கொண்டாடும் ராஸ்பெர்ரி பை 2012-ல் வந்தபோதுகூட, மூடிய நிரல் ஒன்று ஓடிய பிறகுதான் லினக்ஸுக்கு வழி விட்டது.

மெமரி நிரல் கம்பெனியின் சொந்தச் சரக்கு என்று வாதாடலாம். லினக்ஸில் செய்த மாற்றங்கள் அப்படியல்ல. ஆயிரக்கணக்கானவர்களின் உழைப்பை ஓசியில் எடுத்து விற்றுவிட்டு மூலநிரலை மறைப்பது வியாபார ரகசியம் இல்லை சார், வாக்குத் தவறுவது!

‘திறந்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடும்’ என்பார்கள். லிங்க்சிஸ் கதையைப் பாருங்கள். நெருக்கடி முற்றியதால் 2003-ல் தன் ரௌட்டரின் மூலநிரலை வெளியிட்டது. அதிலிருந்துதான் ஓபன் டபிள்யூஆர்டி பிறந்தது. கம்பெனி என்ன நஷ்டப்பட்டதா? 2005-ல் லினக்ஸ் பிரியர்களுக்கென்றே தனி மாடல் போட்டு விற்றது.

‘பாதுகாப்புக்காகத்தான் பூட்டு’ என்பார்கள். இருக்கட்டும். வீட்டுக்குப் பூட்டு வேண்டும்தான். சாவி வீட்டுக்காரரிடம் இருக்கவேண்டுமா, கொத்தனாரிடமா?

‘நம்மாட்களுக்கு இதெல்லாம் எதற்கு’ என்பார்கள். இதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். 2018-ல் சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ சிப்பில் லினக்ஸ் ஓடியது. சிப்பின் வடிவமைப்பையே திறந்து வைத்தார்கள். சிப்பையே திறக்கலாம் என்றால் போர்டைத் திறக்க என்ன கேடு?

அரசு வேலைக்குத் திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை என்று 2015-ல் மத்திய அரசு கொள்கை அறிவித்தது. நல்லது. மென்பொருளைத் திறந்து, அதை எழுப்பும் நிரலைப் பூட்டிவைத்தால் என்ன பிரயோஜனம்? கம்பெனி மூடிவிட்டால் நம் வரிப்பணத்தில் வாங்கிய பெட்டி காயலான் கடைக்குத்தானே போகும்?

நீங்கள் போர்டு வாங்கும்போது கடைக்காரரிடம் ‘மூலநிரல் எங்கே?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முறைப்பார். பரவாயில்லை, நாலு பேர் கேட்டால் பதில் தேடுவார். அரசாங்கம் அதைவிடச் சுலபமாகச் செய்யலாம். டெண்டரில் ஒரே ஒரு வரி போதும்: மூலநிரல், சர்க்யூட் படம், சாவி மூன்றும் தராத பெட்டிக்கு பில் பாஸ் ஆகாது.